மறுமொழி சொல்லக் கற்பிப்போம்

ஆண்டுதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலிருந்து நாளிதழ்களுக்கு வரும் செய்திக்குறிப்புகளில் மாணவர்களுக்கான பேச்சுப் போட்டி அறிவிப்பும் ஒன்று. காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் ஆகிய தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை இப்போட்டிகளை மாவட்டந்தோறும் நடத்துகிறது. பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் தனித்தனியே நடைபெறும் போட்டியில் முதல் பரிசு 5,000 ரூபாய். இரண்டாம் பரிசு 3,000 ரூபாய். மூன்றாம் பரிசு 2,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சிறப்புப் பரிசும் உண்டு. பிற மாவட்டங்களைப் போலவே செங்கல்பட்டிலும் இவை நடக்கின்றன.

இதே மாவட்டத்தின் ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் பயணிப்பவர்கள் வேறொரு வகை அறிவிப்பைக் காணலாம். 'சரளமாக ஆங்கிலம் பேசலாம்', 'ஆளுமை வளர்ச்சி', 'நேர்காணல் பயிற்சி' என்று இளைஞர்களை அழைக்கும் பலகைகள் அவை. தனியார் பொறியியல் கல்லூரிகள் வளாக வேலைவாய்ப்பை முன்னிட்டுத் தொடர்புத்திறன் வகுப்புகளை நடத்துகின்றன. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலத் தொடர்புத்திறனுக்கு இடம் உண்டு.

ஆக, பேசக் கற்றுத்தரும் முயற்சிக்குப் பஞ்சமில்லை. இருந்தும், பரிசுக் கோப்பையுடன் பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைகளில் பலர், தாம் படித்த பாடத்தைப் பிறருக்கு விளக்கவும், ஓர் அலுவலகத்தில் தம் தரப்பு நியாயத்தை எடுத்துரைக்கவும், மாற்றுக் கருத்துக்குப் பதில் சொல்லவும் தடுமாறுகின்றனர். நெடுங்காலம் கல்லூரியில் பணியாற்றியவன் என்ற முறையிலும், அவ்வப்போது பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகச் செல்பவன் என்ற முறையிலும் இதைத் தொடர்ந்து கண்டுவருகிறேன். கூச்சமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அவர்களுக்கு ஒப்பிக்கக் கற்றுத்தருகிறோம். மறுமொழி சொல்லக் கற்றுத்தருவதில்லை என்பதே என் கருத்து.

செங்கல்பட்டு மேடைப்பேச்சுக்குப் புதிய மண் அன்று. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தமிழகத்தின் 37-ஆவது மாவட்டமாக இப்போதைய செங்கல்பட்டு உருவானது. காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் தமிழ் மேடையின் வரலாற்றில் தனியிடம் உண்டு. ஆங்கிலம் கோலோச்சிய அரசியல் மேடையில் தமிழை ஏற்றிவைத்தவர்களுள் முதன்மையானவரான திரு.வி.க. 1883-இல் பிறந்த துள்ளம், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். தனித்தமிழுக்காக முழங்கிய மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரம் இன்றும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் உள்ளது. அவர் பெயர் தாங்கிய மறைமலை நகரும் இங்கேதான் இருக்கிறது. தமிழ் மேடைப்பேச்சின் போக்கையே மாற்றிய அண்ணா பிறந்த காஞ்சிபுரமும் அன்று இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே.

1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு செங்கல்பட்டு நகரில் கூடியது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தார். சாதிப் பட்டங்களைத் துறப்பது, கைம்பெண் மறுமணம், பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான சொத்துரிமை முதலியவை அங்கே தீர்மானங்களாயின. அக்காலத்தில் பலருக்கு அதிர்ச்சியளித்த சொத்துரிமைக் கோரிக்கை, சரியாக 60 ஆண்டுகளுக்குப் பின் 1989-இல் தமிழகத்தில் சட்டமாயிற்று. 2005-இல் நாடு முழுமைக்குமான சட்டத் திருத்தமாயிற்று. ஒரு சிறு நகரத்தின் மேடையில் ஒலித்த சொற்கள் சட்டப் புத்தகம்வரை நடந்து சென்ற வரலாறு இது.

மதுராந்தகம் அருகிலுள்ள கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1930-இல் லண்டனில் கூடிய முதலாவது வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பேராளராகப் பங்கேற்றார். ஒடுக்கப்பட்டோருக்கு வேண்டிய அரசியல் பாதுகாப்புகளை வரிசைப்படுத்தி இருவரும் கூட்டாக மாநாட்டின் சிறுபான்மையினர் துணைக்குழுவிடம் அளித்தனர். கைதட்டலை எதிர்பார்க்கக்கூடிய அவை அன்று அது. கோரிக்கை என்ன, அதற்குச் சான்று என்ன, மறுப்பு எழுந்தால் விடை என்ன என்பனவே அங்கு எடுபடும்.

இத்தகையோருக்கு மேடையே பயிற்சிக்களமாக இருந்தது. எதிர்க்கருத்து உடையவர் கூட்டத்திலேயே அமர்ந்திருப்பார். சொன்னதற்கு மறுநாள் பத்திரிகையில் மறுப்பு வரும். அதற்கு விளக்கம் சொல்லும் கடமை பேசியவரைச் சேரும். அவர்களின் அடுக்குமொழியையும் குரல் ஏற்ற இறக்கத்தையும் நாம் போற்றிப் பாதுகாத்துக்கொண்டோம். அந்தக் கடமையைக் கழற்றி வைத்துவிட்டோம். அதன் விளைவை இன்றைய பேச்சுப் போட்டி அரங்குகளில் காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்தில் பள்ளி மாணவர்களுக்கான ஒரு போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். தலைப்பு, நீர்வளம் காத்தல். பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் ஐந்து நிமிடம் சிறிதும் பிசிறில்லாமல் பேசினார். கல்லணை வந்தது, இஸ்ரேலின் சொட்டுநீர்ப் பாசனம் வந்தது, அடுத்த உலகப்போர் நீருக்காகவே மூளும் என்ற எச்சரிக்கையும் வந்தது. அவருக்கு முன் பேசிய மூவரும் ஏறத்தாழ இவற்றையே சொல்லியிருந்தனர். மதிப்பெண் எழுதி முடித்த பிறகு, 'உங்கள் ஊரில் ஏரி இருக்கிறதாம்மா?' என்று அவரிடம் கேட்டேன்.

மாணவி சற்றுத் திகைத்தார். தம் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேறொரு குரலில் பேசத் தொடங்கினார்: 'இருக்குது சார், பெரிய ஏரி. மதகு உடைஞ்சு மூணு வருஷம் ஆகுது. மழை பெஞ்சா தண்ணி நிக்காது, ஓடிடும். நிக்கிற கொஞ்சத்தையும் மேல இருக்கிறவங்க மோட்டார் போட்டு எடுத்துக்கிறாங்க. எங்க அப்பா கடைமடையில பயிர் வைக்கிறாரு. அங்க வந்து சேர்றதே இல்ல.' யாரிடமாவது முறையிட்டீர்களா என்றேன். 'கிராம சபையில கேக்கணும்னு எங்க அம்மா போனாங்க சார். எழுந்து நின்னு பேச வரலைன்னு திரும்பி வந்துட்டாங்க' என்றார்.

ஒரு நிமிடத்துக்குள் சிக்கலையும் அதன் காரணத்தையும் சொல்லி, அதனால் பாதிக்கப்படுவோர், பயனடைவோர் யார் என்பதையும் அந்த மாணவி விளக்கிவிட்டார். அன்று அந்த அரங்கில் நான் கேட்டவற்றுள் மிகச் சிறந்த உரை அதுதான். அதற்கு மதிப்பெண் தாளில் கட்டம் இல்லை. உச்சரிப்பு, குரல் வளம், உடல்மொழி, நினைவாற்றல், கால அளவு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன.

ஏரிகள் நிறைந்த மாவட்டம் எனப் பெயர்பெற்ற நிலப்பகுதியில், நீர்வளம் பற்றிப் பேச வந்த பிள்ளைகள் ஒருவர்கூடத் தம் ஊர் ஏரியின் பெயரைச் சொல்லவில்லை என்பது அவர்களின் குறையன்று. சொன்னால் மதிப்பெண் கிடைக்கும் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக்கொடுத்ததை மனத்தில் பதித்து வந்து கொட்டுவதே பேச்சு என்று அவர்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள்.

இதில் மொழியும் ஒரு தடையாக நிற்கிறது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடைவெளி மிகுந்த மொழி நம்முடையது. மேடை என்றாலே எழுத்துத் தமிழ்தான் என்ற எண்ணம் சிறுவயதிலேயே ஊன்றப்படுகிறது. கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளையும் அச்சிறுப்பாக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளையும் வீட்டில் பேசும் மொழியில் வாயைத் திறந்தால், 'கொச்சையாகப் பேசாதே' என்ற கண்டிப்பே முதலில் காதில் விழுகிறது. தன் மொழி அவைக்கு ஆகாது என்று கற்றுக்கொண்ட குழந்தை, தன் அனுபவமும் அவைக்கு ஆகாது என்று சேர்த்தே கற்றுக்கொள்கிறது. பிறகு எழுத்துத் தமிழில் இரவல் கருத்துகளைச் சுமந்து மேடையேறுகிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. தலைப்பைத் தட்டச்சு செய்தால் ஐந்து நிமிட உரை அரை நிமிடத்தில் கைப்பேசியில் வந்து நிற்கிறது. இனி எழுதிக்கொடுக்க ஆசிரியரும் தேவையில்லை. ஒப்பித்தலை மட்டும் அளக்கும் போட்டி, மாணவரின் சிந்தனையைப் பற்றி இனி நமக்கு எதையும் சொல்லாது.

நம் முன்னோர் இதை வேறுவிதமாகப் பார்த்தனர். திருக்குறளின் பொருட்பாலில் சொல்வன்மை, அவை அறிதல், அவை அஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் பேச்சைப் பற்றியே அமைந்துள்ளன. அவற்றில் அவை அஞ்சாமை அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு நோக்கத்தைத் தெளிவாகச் சொல்கிறார்: அவையில் அஞ்சாமல் மறுமொழி கொடுக்கும் பொருட்டு, அளவை நூலை, அதாவது தருக்கத்தை, முறையாகக் கற்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. அவையச்சத்துக்கு அவர் தரும் மருந்து மனப்பாடம் அன்று. எதிர்வரும் கேள்விக்கு விடை சொல்லும் ஆயத்தம்.

ஆங்கிலப் பயிற்சியின் நிலையும் இதற்கு மாறானதன்று. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற நேர்காணல் கேள்விக்கு ஒரே அச்சில் வார்த்த பதிலை ஒரு வகுப்பே சொல்கிறது. இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்கள் செயல்திட்டத்தை விளக்கும்போது, திரையில் தெரியும் வரிகளை அப்படியே வாசிப்பதைப் பல கல்லூரிகளில் கண்டிருக்கிறேன். 'ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று கேட்டவுடன் வாசிப்பு நின்றுவிடும். அதே கேள்வியைத் தமிழில் கேட்டுத் தமிழிலேயே பதில் சொல்லலாம் என்றால், அவர்களில் சிலர் மிக நன்றாக விளக்குவார்கள். சிலருக்குத் தமிழிலும் விடை இருக்காது. முன்னவர்களுக்கு வேண்டியது மொழிப் பயிற்சி. பின்னவர்களுக்கு வேண்டியது தாம் செய்ததைத் தாமே புரிந்துகொள்ளும் பயிற்சி. இவ்விருவரையும் ஒரே 'தொடர்புத்திறன்' வகுப்பில் உட்காரவைத்துக் கைகுலுக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் பயனில்லை.

விளக்கிச் சொல்வதன் பொருளை அறிய மாமல்லபுரத்துக்குச் செல்லலாம். 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட ஊர் அது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே சந்தித்தனர். 2022-இல் 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் பங்கேற்ற 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட், அருகிலுள்ள பூஞ்சேரியில் நடைபெற்றது. 2021-22-ஆம் ஆண்டில் தொல்லியல் துறையின் கட்டண நினைவுச் சின்னங்களுள் மிகுதியான வெளிநாட்டவர் வந்தது இங்குதான். அவர்கள் ஏறத்தாழ 1.45 லட்சம் பேர்.

அங்குள்ள பெரும் புடைப்புச் சிற்பத்தின் முன் நின்று சுற்றுலா வழிகாட்டிகள் பேசுவதைக் கவனித்தால் இருவகையினரைக் காணலாம். ஒரு வகையினர் நீளம், உயரம், ஆண்டு, அரசன் பெயர் ஆகியவற்றை மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பர். மற்றொரு வகையினர் பார்வையாளரிடமே கேட்பர்: ஒற்றைக் காலில் தவம் செய்கிறவர் யார்? பாசுபதம் வேண்டிய அருச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா? பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் ஏன் இருக்கிறார்கள்? மேலிருந்து நீர் வழிந்ததற்கான தடயம் எதைக் காட்டுகிறது? கீழே தவக்கோலத்தில் நிற்கும் பூனையை எலிகள் ஏன் சூழ்ந்திருக்கின்றன? அறிஞரிடையே முடிவாகாத விவாதம் அது என்பதை மறைக்காமல், இருதரப்புச் சான்றுகளையும் கல்லிலேயே சுட்டிக்காட்டுவர். வந்தவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் முதல் வகையினர் தொடங்கிய இடத்துக்கே திரும்புவர்; இரண்டாம் வகையினருக்குப் பேச்சு அந்தக் கேள்வியிலிருந்தே விரியும்.

அங்கிருந்து சென்னை நோக்கிச் சற்றுத் தொலைவில் வடநெம்மேலி இருக்கிறது. 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தினர் அங்கே பாம்புகளிடமிருந்து நஞ்சு எடுப்பதைப் பார்வையாளர்களுக்குச் செய்துகாட்டி விளக்குகின்றனர். இம்மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017-இல் அழைக்கப்பட்டனர். 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். புளோரிடாவில் அவர்களுடன் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தனர். ஆங்கிலம் அறியாதது அவர்களின் அறிவை உலகம் நாடிவருவதற்குத் தடையாக இருக்கவில்லை. சொல்வதற்குப் பொருள் இருப்பவருக்கு மொழி ஒரு கருவி. அதைப் பிறகும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இதில் வேலைவாய்ப்பைவிடப் பெரிய ஒன்றும் அடங்கியிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 8 ஊராட்சி ஒன்றியங்களும் 359 கிராம ஊராட்சிகளும் உள்ளன. முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிய கிராம சபை, 2022 முதல் உலக நீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறு முறை கூடுகிறது. உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. 2021 அக்டோபரில் இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளுக்குச் சட்டம் வகுத்த பதவிக்காலம் ஐந்தாண்டுகள். சட்டம் பேசுவதற்கான இடத்தை அகலமாகவே திறந்து வைத்திருக்கிறது. அந்த இடத்தில் எழுந்து நின்று, வரவு செலவில் ஓர் ஐயத்தைக் கேட்கவும், கிடைத்த பதில் போதாதபோது மீண்டும் கேட்கவும் எத்தனை பேருக்குப் பயிற்சி இருக்கிறது?

கடற்கரைக்கும் இது பொருந்தும். நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இலும், 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலை 2024-இலும் திறக்கப்பட்டன. அருகிலுள்ள பேரூரில் 40 கோடி லிட்டர் திறனுடைய ஆலை திட்டமிடப்பட்டது. சென்னையின் தாகத்துக்கு இவை தேவை. கரை அரிப்பு, கடலில் விடப்படும் உவர்நீர் ஆகியவை குறித்து இக்கடற்கரையின் மீனவர்கள் தெரிவிக்கும் கவலைகளும் உண்மையானவை. எந்த மாதத்தில் எந்த மீன் எங்கே கிடைத்தது, இப்போது எங்கே கிடைக்கவில்லை என்பதை அறிந்தவர்கள் அவர்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அதன் கீழ்வரும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை வகுத்துள்ளது. அத்தகைய அவைகளில் பொறியாளர்கள் வரைபடங்களுடன் வருகின்றனர். ஊர்மக்கள் கோபத்துடன் வருகின்றனர். கோபம் நியாயமானதாக இருந்தாலும், நாளும் இடமும் அளவும் சேர்ந்த சாட்சியமாக அது மாறும்போதுதான் பதிவேட்டில் நிலைக்கிறது. அப்படி மாற்றத் தெரிவதுதான் பேச்சுத்திறன்.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? பிரான்ஸ் நாடு 2021 முதல் பள்ளி இறுதித் தேர்வில் 'கிராண்ட் ஓரல்' என்ற வாய்மொழித் தேர்வைச் சேர்த்துள்ளது. மாணவர் தம் பாடங்களிலிருந்து இரண்டு கேள்விகளைத் தாமே உருவாக்கிக்கொண்டு வருவார். அவற்றில் ஒன்றை இரு ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பர். 20 நிமிடத் தேர்வில் மாணவரின் உரை ஒரு பகுதி. அதன்மேல் ஆசிரியர்கள் நடத்தும் உரையாடல் மற்றொரு பகுதி. உரையை எழுதி மனப்பாடம் செய்துவிடலாம். உரையாடலைச் செய்ய முடியாது.

1924-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இன்று நம் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் இயங்குகின்றன. அவற்றின் கூட்டங்களில் ஆயத்த உரையோடு, அப்போதே தரப்படும் தலைப்பில் ஓரிரு நிமிடம் பேசும் பகுதியும், ஒவ்வோர் உரையையும் சக உறுப்பினர் மதிப்பிடும் பகுதியும் உண்டு. பேசுபவரைப் போலவே கேட்பவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. இந்த எளிய அமைப்பைப் பள்ளிக்குக் கொண்டுவரக் கட்டணமோ கட்டடமோ தேவையில்லை.

நாம் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, போட்டி விதிகளைத் திருத்துவது. ஐந்து நிமிட உரை என்றால் மூன்று நிமிடம் பேச்சுக்கும் இரண்டு நிமிடம் நடுவர் கேள்விக்கும் என்று பிரிக்கலாம். மதிப்பெண்ணில் பாதியை விடைகளுக்கு ஒதுக்கலாம். தலைவர்களைப் பற்றிய தலைப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, 'அவர் இன்று உங்கள் ஊருக்கு வந்தால் எதை முதலில் கேட்பார்?' என்பதுபோன்ற கேள்விகளைச் சேர்த்தாலே மாணவரின் சொந்தச் சிந்தனை வெளிப்படும்.

இரண்டாவது, வகுப்பறை. போட்டிக்குச் செல்வது பள்ளிக்கு ஓரிருவர். அவர்களும் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகப் பேசுபவர்கள். நீந்தத் தெரிந்தவருக்கே மீண்டும் மீண்டும் குளத்தைக் காட்டுகிறோம். 40 மாணவர் உள்ள வகுப்பில் ஆளுக்கு 2 நிமிடம் என்றால் 80 நிமிடம். அதாவது இரண்டு பாடவேளைகள். மாதத்துக்கு இரண்டு பாடவேளை என்பது எந்தப் பாடத்திட்டத்தையும் கவிழ்த்துவிடாது. அறிவியல் பாடத்தில் படித்த ஒன்றை அருகில் இருப்பவருக்கு விளக்குவது, கேட்டவர் ஒரு கேள்வி கேட்பது, விளக்கியவர் பதில் சொல்வது என இருவர் இருவராகச் செய்தால் ஒரே நேரத்தில் வகுப்பே பேசும். மேடையச்சமும் அங்கே எழாது.

மூன்றாவது, மொழி. முதலில் பிள்ளைகள் தம் வீட்டுத் தமிழில் விளக்கட்டும். பொருள் தெளிவான பிறகு, அதையே பொதுத்தமிழில் சொல்லப் பழக்கலாம். பிறகு ஆங்கிலத்திலும் பழக்கலாம். எழுத்துத் தமிழ் நம் செல்வம். அதைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அது ஏறிச் செல்லும் படியாக இருக்க வேண்டும். வாசலை அடைக்கும் கதவாக இருத்தல் கூடாது.

நான்காவது, கிராம சபை. மேல்நிலை வகுப்பு மாணவர்களைப் பார்வையாளர்களாக அழைத்துச் செல்லலாம். என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது, எது விடையின்றி நின்றது என்று அவர்கள் குறிப்பெடுத்து வகுப்பில் எடுத்துரைக்கட்டும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில், கிராம சபைக்கு முந்தைய வாரம் அரைமணி நேரம் ஒத்திகைக்கு ஒதுக்கலாம். கேட்க வேண்டியதை மூன்று வாக்கியத்தில் சொல்லிப் பார்ப்பது, மறுத்தால் என்ன சொல்வது என்று கூடிப் பேசுவது ஆகியவை போதும். மதகு உடைந்ததைச் சொல்ல வந்தும் சொல்லாமல் திரும்பிய தாய்மார்களுக்கு வேண்டியது ஆளுமை வளர்ச்சி வகுப்பன்று. இந்த அரைமணி நேரம்தான்.

இதற்கெல்லாம் எதிர்வாதம் உண்டு. மனப்பாடத்துக்கும் மதிப்பு இருக்கிறது. ழகர ளகர ஒலிப்பும் சொல்வளமும் அதனால்தான் கைகூடுகின்றன என்பர். உண்மையே. பாடம் செய்த உரையுடன் முதன்முறை மேடையேறிய எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அந்தத் துணிவைப் பற்றிக்கொண்டு உயர்ந்திருக்கிறார்கள். அந்தப் படியை அகற்றச் சொல்லவில்லை. அடுத்த படியைக் கட்டச் சொல்கிறேன். கேள்வி கேட்டால் கூச்சமுள்ள பிள்ளைகள் இன்னும் ஒடுங்கிவிடுவார்கள் என்பது மற்றொரு வாதம். மடக்குவதற்காகக் கேட்டால் அப்படித்தான் ஆகும். அறிந்துகொள்வதற்காகக் கேட்டால் பிள்ளைகள் மலர்கிறார்கள். ஆகவே பேசப் பயிற்சி தருவதற்கு முன், நடுவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கேட்கப் பயிற்சி தர வேண்டியிருக்கலாம். ஆசிரியர்களின் பணிச்சுமை பற்றிய கவலையும் நியாயமானது. அதனால்தான் புதிய திட்டமோ புதிய பதிவேடோ கேட்காமல், இருக்கிற பாடவேளைக்குள்ளும் இருக்கிற போட்டிக்குள்ளும் அடங்கக்கூடியவற்றை மட்டும் முன்வைக்கிறேன்.

கேள்விக்கு உட்படாத பேச்சைக் கேட்டே வளரும் தலைமுறை, நாளை வாக்காளராகவும் அப்படிப்பட்ட பேச்சுக்கே கைதட்டும். கேள்வி கேட்பதும் அதற்குப் பதில் சொல்வதும் அவைக்கு இயல்பானவை என்று பள்ளியிலேயே பழகிய தலைமுறை, மேடையில் நிற்பவர் எவராயினும் அவரிடமும் அதை எதிர்பார்க்கும்.

இதை நாளையே தொடங்க முடியும். தமிழ் வளர்ச்சித் துறையின் அடுத்த பேச்சுப் போட்டி அறிவிப்பில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: 'உரை முடிந்ததும் நடுவர்கள் கேள்வி கேட்பர், விடைகளுக்கும் மதிப்பெண் உண்டு.'